புன்னைத்துறையில் காய்கள் கனத்த கோடை

கடலில் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கும் தடைக்காலத்தில், படகுகள் துறையோரம் வரிசையாக மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க, வலைகள் வலைக்கூடத்தில் மலைபோல் குவிந்து கிடக்க, பெண்கள் அந்த மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து பொத்தல் பார்க்க, புன்னைத்துறை ஆண்கள் சதுரங்கம் ஆடுவார்கள். தடை முடிகிற விடியலில் யாருடைய படகு முதலில் துறையை விட்டுப் புறப்படும் என்பதை அந்த ஆட்டங்கள்தான் முடிவு செய்யும் என்பதால், அங்கே ஒரு சிப்பாயை நகர்த்துவதுகூடச் சும்மா காரியமில்லை. அவர்களுடைய ராஜா, அதுவரை செக் வாங்காமல் இருந்தால், ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். இது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

கஸ்பார் பல வருடம் கப்பல்களில் மின்வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிப் படகு வாங்கியவன். ஒல்லியான ஆள், எல்லாத் தடைக்காலத்திலும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, மற்றவர்கள் ஆடுவதை நின்று பார்க்கிறவன். அவன் மனைவி ரெமிஜியா வலைக்கூடத்தில் பேர்போன கைக்காரி. இந்த வலையில் பொத்தலே இல்லை என்று பங்குச் சாமியாரே சொன்னாலும், கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்த பிறகுதான் நம்புவாள். வலைக்கு வைத்திருந்த அதே விரலைத்தான் மனிதர்களுக்கும் வைத்திருந்தாள்.

அந்த வருடம் தடை தொடங்கிய வாரத்தில், கஸ்பார் தன் பழைய மடிக்கணினியில் சதுரங்கம் ஆடும் யந்திரம் ஒன்றை இறக்கினான். காசில்லை, கையெழுத்தில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருந்த ஒன்று. அவன் அதைத் திறந்தபோது ரெமிஜியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கறுப்புச் சதுரம் ஒன்றும், அதில் துடிக்கும் சின்னக் கோடும்தான் இருந்தன.

"இதுவா? பலகையும் இல்ல, காயும் இல்ல."

"இதுக்கு முகம் கிடையாது ரெமி. வெறும் மூளை. முகத்த வேற இடத்துல இருந்து இறக்கி, ரெண்டையும் சேர்த்துக் கட்டணும். எத்தன கையால வேல செய்யணும், எவ்வளவு ஞாபகத்துல வச்சுக்கணும்னு எல்லாம் நாமதான் சொல்லணும்."

முகமில்லாத ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காத காரியம் அதற்குப் பிறகு நடந்தது. முகத்தைச் சேர்த்துக் கட்டி, பலகையும் காயும் திரையில் வந்து, யந்திரத்தோடு ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தவன், முகம் சுருங்கி எழுந்து போனான். திரும்பி வந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நாள் முழுக்க எதையோ தட்டி எழுதினான். அவள் காப்பி கொண்டுபோனால் திரையைப் பாதி சாய்த்தான். ரெமிஜியா அதைப் பார்த்து வைத்தாள்.

வலைக்கூடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு அவன் போனபோது ஊரே கூடிவிட்டது.

"என்ஜின்னா எத்தன குதிரைச் சக்தி?" என்று கேட்டான் மிக்கேல்பிச்சை. நங்கூரத்தை ஒற்றைக் கையால் இழுக்கிறவன்.

"நாலு. கறுப்பு ரெண்டு, வெள்ள ரெண்டு" என்றான் கஸ்பார்.

சிரிப்பு அடங்கியதும் ஊர்க் கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் தொண்டையைச் செருமினார். "இலவசம்ங்கிய. மிக்சி குடுத்தான், ஓட்டு கேட்டான். ஃபேன் குடுத்தான், ஓட்டு கேட்டான். இத எந்தக் கட்சி குடுக்கு?"

"கட்சி இல்ல தலைவரே. ஊர் ஊரா உக்காந்து ஆளாளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேத்தது. எப்படிச் செஞ்சிருக்குன்னு யாரும் படிக்கலாம், யாரும் மாத்தலாம். ஒருத்தருக்குக் குடுக்கும்போது, உள்ள எழுதியிருக்கத அவரு கேட்டாக் காட்டணும். அது ஒண்ணுதான் நிபந்தன."

"பாத்தியா, நிபந்தன இருக்கு!" என்றார் பின்னாலிருந்து யாரோ.

பெர்க்மான்ஸின் புருவம் மட்டும் வேறோர் இடத்தில் நின்றது. "யாரும் மாத்தலாமா? அப்போ எவனோ மாத்தியிருப்பான்."

அன்றே கொடிமரத்தடியில் எல்லோரும் கை நீட்டிச் சத்தியம் செய்தார்கள்: யந்திரத்தை ஆட்டம் பழக மட்டும் வைத்துக்கொள்வது, உள்ளே கைவைக்கிறவனுடைய படகு அந்தப் பருவம் முழுவதும் கடலில் இறங்கக்கூடாது. கஸ்பாரும் கை நீட்டினான். நீட்டிய கையை அவன் உடனே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதை ரெமிஜியா மட்டும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் காய்கள் கனக்க ஆரம்பித்தன.

மிக்கேல்பிச்சை தன் மரக் குதிரையைத் தூக்கப் போனான், வரவில்லை. "எவம்லே பசை தடவுனது?" என்று கத்தினான். இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க அதைத் தூக்கி வைத்தான். வைத்த இடத்தில் அடுத்த நகர்த்தலிலேயே குதிரை வெட்டுப்பட்டது. பக்கத்தில் நின்ற மந்திரியைத் தொட்டுப் பார்த்தால் அது கோழி இறகுபோல வந்தது. மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது: தப்பான நகர்த்தலுக்குக் காய் கனக்கும், எவ்வளவு தப்போ அவ்வளவு கனம், சரியான நகர்த்தலுக்குக் கையில் இருப்பதே தெரியாது. கனத்த யானை ஒன்றை மீன் தராசில் வைத்துப் பார்த்தார்கள். அது எப்போதும் இருக்கிற அளவுதான் காட்டியது. தராசுக்குக் கனக்காத காய் மனிதக் கைக்கு மட்டும் கனத்தது. அது தராசின் கோளாறு என்று தீர்மானித்து, அந்தத் தராசை மாற்றினார்கள்.

கணினியை அணைத்துப் பார்த்தார்கள், கனம் போகவில்லை. யந்திரத்தை அழித்துப் பார்த்தார்கள்; அழித்த மாத்திரத்தில் ஊரிலுள்ள அத்தனை காயும் ஒரே கனமாகக் கனத்து, ஒரு சிப்பாயைக்கூட அசைக்க முடியாமல் போகவே, கஸ்பாரைக் கூப்பிட்டு அவனுடைய பென்டிரைவிலிருந்து மறுபடி போடச் சொன்னார்கள். பிறகு அதனோடு வாழப் பழகினார்கள், உப்புக் காற்றோடு வாழ்வதைப்போல. பலகைகள் விரிசல் விட்டதால் சிமெண்டுத் தரையில் கட்டம் வரைந்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா செவ்வாய்தோறும் வந்து முழங்கைக்குத் தைலம் தேய்த்தார். பெண் கேட்டு வந்த வெளியூர் மாப்பிள்ளையை ஓர் ஆட்டம் ஆடச் சொல்லி, பெண்ணின் தகப்பன் ஆட்டத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் புஜத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பையன் ரொம்பக் கனத்தத் தூக்குதான், புத்தி காணாது" என்று திருப்பி அனுப்பினான். தெருக்குழாயில் சண்டை போட்ட இரண்டு பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். யாருக்குக் காய் லேசாக வந்ததோ அவளுக்குத் தண்ணீர்.

ஆனால் சந்தேகமும் அதே வேகத்தில் வளர்ந்தது. எல்லோரும் லேசான காயையே நகர்த்தினால் எல்லா ஆட்டமும் சமனில்தான் முடியும், அப்படியே முடிந்தது. ஆகவே எதிராளியைக் குழப்ப, லேசான காயைக் கனப்பதுபோல முக்கி முனகித் தூக்கினார்கள். கனத்ததை, பல்லைக் கடித்துக்கொண்டு, பூப்போல வைத்தார்கள். ஒருவன் நெற்றியில் வேர்வை வந்தால் அது நிஜ வேர்வையா, கைக்குட்டையில் நனைத்துக் கொண்டுவந்த தண்ணீரா என்று அடுத்தவன் முகர்ந்து பார்க்கும் அளவுக்குப் போனது. அப்புறம் ஒரு பேச்சு கிளம்பியது: லேசா வருதுன்னா, யார் லேசாக்குதான்? ஓசியில வந்தது, நம்ம கையப் பிடிச்சு எங்கயோ கூட்டிட்டுப் போகுது. அந்தப் பேச்சு தெருவுக்குத் தெரு நடந்து, துறைமுகம் வரை போய், திரும்பி வந்தபோது அது மானப் பிரச்சினையாகியிருந்தது. லேசான காயை நகர்த்துகிறவன் கோழை. கனத்ததைத் தூக்கி வைக்கிறவன்தான் ஆம்பிளை. பாறாங்கல்லைப் போலக் கனத்த ராணியை மூச்சுப் பிடித்துத் தூக்கி, நேராகச் சாவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் கைதட்டத் தோற்றுப்போனார்கள்.

அந்தக் கைதட்டல்களுக்கு நடுவில், இரண்டே விரலால் காய்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டே கஸ்பார் முதல் சுற்றில் ஜெயித்தான். இரண்டாவதில் ஜெயித்தான். மிக்கேல்பிச்சையை ஜெயித்தான். பெர்க்மான்ஸோடு இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றான்.

ரெமிஜியாவுக்கு அந்த வெற்றிகளில் நம்பிக்கையில்லை. அவள் கணவன் கையில் மட்டும் ஒரு காயும் கனப்பதில்லை. வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு, பலகையைப் பரப்பி வைத்துக்கொண்டு அவன் ஆடிப் பார்ப்பதை அவள் பாத்திரம் கழுவியபடி கவனித்தாள். முக்கல் இல்லை, முனகல் இல்லை.

"ஏங்க, உங்களுக்கு ஏன் கனக்க மாட்டேங்கு?"

"எனக்கும் கனக்கும். கனக்கத நான் எடுக்கதில்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றான், அவளைப் பார்க்காமல்.

அவ்வளவுதான் என்கிறவன் ஏன் பார்க்கவில்லை என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊரும் அதையே யோசித்தது. மறுநாள் வலைக்கூடத்தில் கமிட்டி கூடியது. "உள்ள கைவச்சிருக்கான்" என்றார் பெர்க்மான்ஸ். "அவன் பென்டிரைவுல இருந்துதான் போட்டான். அவனுக்குத்தான் அது ஆடுது."

"படிச்சுப் பாருங்க. எல்லாம் எழுத்தாத்தான் இருக்கு. ஒளிவு மறைவு கிடையாது" என்றான் கஸ்பார்.

"படிக்கத் தெரிஞ்சவன் இங்க எவன்? கதவத் திறந்து வச்சுட்டு, உள்ள இருட்டுன்னா எப்படிப் பாக்க?"

அப்போது, வலைக் குவியலின் பக்கத்திலிருந்து, பெர்க்மான்ஸின் மனைவி டெலிசியா சொன்னாள்: "இதுல என்ன படிக்க இருக்கு? புது வலையும் பழைய வலையும் ஒரே கண்ணியான்னு பாக்க நாம படிக்கவா செய்யுதோம்? ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாக்கோம்."

அப்படியே முடிவானது. யந்திரம் கிடைக்கிற இடத்திலிருந்து புதிதாக ஒரு பிரதியைத் தலைவரே தூத்துக்குடிக்குப் போய் இறக்கி, அதன் எழுத்தையும், கஸ்பாரின் பிரதியின் எழுத்தையும் கட்டுக் கட்டாக அச்சடித்துக் கொண்டுவந்தார். இரண்டு கட்டிலிருந்தும் ஒவ்வொரு தாளாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெயிலுக்கு நேரே பிடிக்க வேண்டும்; எழுத்தின்மேல் எழுத்து உட்கார்ந்தால் நல்லது, விலகினால் பொத்தல். அந்த வேலைக்கு ரெமிஜியாவை விட்டால் ஆள் கிடையாது. அவள் கஸ்பாரின் மனைவி என்பதால் பக்கத்தில் டெலிசியாவை உட்கார வைத்தார்கள்.

"ஏட்டி ரெமி, தப்பா எடுத்துக்காத. உன் விரல நான் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"பாருங்க அக்கா. நானும் என் விரலத்தான் பாக்கேன்."

கூடத்தின் ஓட்டு இடுக்கில் வெயில் விழுந்த இடத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். மற்றப் பெண்கள் தாள்களை எடுத்துக் கொடுத்தார்கள். அவளுக்கு அந்த எழுத்தில் ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. பொத்தல் இருக்கக்கூடாது என்று மனது வேண்டியது. பொத்தல் இருக்கிறது, அவன் திரையைச் சாய்த்தானே, சத்தியம் செய்த கையை ஒளித்தானே என்று அதே மனது சொன்னது. இருந்தால், பருவம் முழுக்கப் படகு கரையில். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் படகால்தான். தாள் தாளாக வெயில் ஏறி, வெயில் இறங்கி, மறுநாளும் ஏறியது.

ஒரு தாளில் எழுத்து விலகியது. பாதிவரை ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக உட்கார்ந்துவந்த வரிகள் அந்த இடத்திலிருந்து கீழே சில கண்ணி இறங்கியிருந்தன. நடுவில் யாரோ புதிதாக முடைந்து சேர்த்திருந்தார்கள். டெலிசியா அப்போது செம்பை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை, பார்த்து முடித்த குவியலில் தள்ளிவிட ஒரு மூச்சு நேரம் போதும். ரெமிஜியாவின் மனது தள்ளு என்றது. ஆயுள் முழுக்க ஒரு பொத்தலைக்கூடத் தாண்டிப் போகாத விரல் அங்கேயே நின்றது.

"அக்கா" என்றாள். "இங்க."

கஸ்பாரைக் கூட்டிவந்தார்கள். அவன் தாளைப் பார்த்ததும் மறுக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் எழுதுனதுதான். சத்தியத்துக்கு முன்னாடியே எழுதிட்டேன். அப்புறம் சொல்லப் பயமாயிடுச்சு."

"என்னத்த எழுதுன?"

"ராஜாவோட பாய்ச்சல."

"அது எப்பவும் உள்ளதுதானலே!"

"நமக்குத்தான் உள்ளது, தலைவரே. வேற எங்கயும் ராஜா பாய மாட்டான். கப்பல்ல எத்தன நாட்டுக்காரன்கூட ஆடியிருக்கேன், பாஞ்சா சிரிப்பானுங்க. இந்த யந்திரத்துக்கும் தெரியல. முதல் ஆட்டத்துலயே என் ராஜா பாய முடியாதுன்னுட்டு. அதான் நம்ம ராஜாவுக்காகச் சேத்தேன். வேற ஒரு எழுத்துகூட இல்ல."

அந்தக் கோடை முழுவதும் எதிராளியின் வேர்வையைக்கூடச் சந்தேகப்பட்டவர்கள், எங்கிருந்தோ வந்த யந்திரத்துக்குத் தங்கள் ராஜாவின் பாய்ச்சல் எப்படித் தெரிந்தது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. உலகத்தில் ராஜா என்று இருந்தால் பாய்வான் என்றே நினைத்திருந்தார்கள். கடைசியில் பெர்க்மான்ஸ்தான் வாய் திறந்தார். குரல் அடிபட்ட குரலாக இருந்தது.

"நீ சொல்லுத. நாங்க எப்படி நம்ப? கைவச்சது கைவச்சதுதான். படகு நிக்கட்டும். புதுப் பிரதியப் போடுங்க."

கஸ்பார் எழுதியது அழிக்கப்பட்டு, புதுப் பிரதி போடப்பட்டது. அன்று சாயங்காலமே ஊர் ராஜாக்கள் பாய மறுத்தார்கள். மற்ற எல்லாக் காயும் நேற்றுப்போலவே நடந்தது. ராஜாவும் ஒரு கட்டம் நகர்ந்தான். ஆனால் பாய வைப்பதற்கென்று கை வைத்தால், தப்புக்குக் கனக்கிற கனமல்ல, கடலடிப் பாறையின் கனம். மிக்கேல்பிச்சை முயன்றான். அவனோடு எட்டுப் பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். படகிலிருந்து கப்பியைக் கழற்றி வந்து உத்திரத்தில் மாட்டி இழுத்ததில் உத்திரம் முறிந்தது, சுண்டுவிரல் உயர ராஜா கட்டத்திலேயே நின்றான். பாயாத ராஜாவை வைத்துக்கொண்டு முதல் படகை முடிவு செய்வதா என்று கிழவர்கள் கேட்டார்கள். அப்படி வந்த வெற்றியைக் கடல் ஏற்குமா என்று பெண்கள் கேட்டார்கள். மாற்றாத பிரதியில் பாய்ச்சல் இல்லை. பாய்ச்சல் இருக்கிற பிரதி கஸ்பார் மாற்றியது. இரண்டில் எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் ஊர் இரண்டு நாள் ஆடாமல் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் பெர்க்மான்ஸ் ரெமிஜியாவின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ரெமி, அந்தப் பாய்ச்சல் திரும்ப வேணும். ஆனா உன் புருசன் கை அதுல படக்கூடாது."

"வேற யாரு எழுத?"

"நீதான். அந்தத் தாள நீதான கண்ணி கண்ணியாப் பாத்த. பொத்தலக் காட்டுனவ நீ. புருசனக் காட்டிக் குடுத்தவ எங்களுக்குப் பொய் சொல்ல மாட்ட."

காட்டிக் கொடுத்தவள் என்று அவர் சொன்னதற்கு அவள் கதவைச் சாத்தியிருக்கலாம். இருந்தாலும் போனாள், ஆனால் வாசலிலேயே நின்று, "வரிய நான் போடுதேன். அப்புறம் ரெண்டு கட்டையும் மறுபடி வெயில்ல பிடிச்சுப் பாருங்க. அந்தப் பாய்ச்சலத் தவிர ஒரு எழுத்து கூடியிருக்கலைன்னா, எங்க படகு இறங்கணும்" என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகே போனாள். வலைக்கூடத்தின் நடுவில், ஊரே சுற்றி நிற்க, கஸ்பார் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நிற்க, ரெமிஜியா ஒரு விரலால், தாளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். வரியை எழுதினால் மட்டும் போதாது, முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும் என்று கஸ்பார் தூரத்திலிருந்து சொல்லிக்கொடுத்தான், அவள் கட்டினாள். கறுப்புச் சதுரத்தில் கோடு துடித்தது. மிக்கேல்பிச்சை கொஞ்சம் பயத்தோடு ராஜாவைத் தொட்டான். ராஜா குதிரையைப் போல எழும்பி, காகிதம் பறப்பதுபோல, போக வேண்டிய கட்டத்தில் போய் உட்கார்ந்தான்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ரெமிஜியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நேற்றுவரை கஸ்பாரைப் பார்த்த அதே பார்வையால்.

"வேற எதும் சேத்தியாட்டி?" என்று கேட்டாள் டெலிசியா.

"தடவிப் பாருங்க" என்றாள் ரெமிஜியா.

பார்த்தார்கள். இந்தமுறை அவளைக் கூப்பிடவில்லை; டெலிசியாவே நடுவில் உட்கார்ந்து, தாள்மேல் தாள் வைத்து, கண் சிவக்கச் சிவக்கப் பார்த்தாள். பாய்ச்சல் இருந்தது. வேறொன்றும் இல்லை. கமிட்டி முணுமுணுத்துக்கொண்டே படகை விடுவித்தது. இறுதி ஆட்டத்தில் பெர்க்மான்ஸும் கஸ்பாரைப் பார்த்து லேசான காய்களையே நகர்த்தினார், வெட்கப்பட்டுக்கொண்டே, ஆட்டம் சமனானது, சீட்டுக் குலுக்கியதில் முதல் படகு தலைவருக்கு விழுந்தது. கஸ்பாருக்கு அதில் குறையொன்றும் இல்லை.

தடை முடிந்த விடியலில் துறை முழுக்க டீசல் புகையும் பெண்களின் ஜெபமுமாக இருந்தது. தலைவரின் படகு திரும்பி முகத்துவாரத்தைப் பிடித்தது. அடுத்ததாகக் கஸ்பாரின் படகு. ரெமிஜியா இடுப்பளவு தண்ணீரில் நின்று தூக்குவாளியை நீட்டினாள். அவன் குனிந்து வாங்கினான். வாங்கியவன் நிமிராமல், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ரெமி, உண்மையச் சொல்லு. நீ வேற எதும் சேக்கலைல?"

அவள் முதலில் அவனை முறைத்தாள். பிறகு, அந்தக் கோடை தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

"கரைக்கு வாங்க" என்று படகைக் கையால் தள்ளிவிட்டாள். "வந்தா சொல்லுதேன்."